அம்மாவுக்குத் தெரியாத நெடி

நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தாள். 'மறக்க முடியாத வாசனைகள்' என்று தலைப்பு. புதுப் புத்தகம், முதல் மழை, மண்ணெண்ணெய் ஸ்டவ், பெட்ரோல் பங்க், தீபாவளி விடியற்காலையில் மத்தாப்புப் புகை. கீழே நீங்கள் எல்லோரும் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். ஐம்பதை நெருங்கிவிட்டோம், முட்டி வலிக்கிறது, வாசனையாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நான் மட்டும் "மத்தாப்புப் புகை எனக்கு ஆகாது" என்று எழுதினேன். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர், "தீக்குச்சிக்கே மத்தாப்பு ஆகாதா?" என்று கேட்டார்.

தீக்குச்சி. முப்பத்தைந்து வருடம் கழித்தும் என் பட்டப்பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது மட்டும் ஒருத்தருக்கும் நினைவில்லை. நான் ஒல்லியாக இருந்ததால் என்று ஒருவர் விளக்கம் வேறு கொடுத்திருந்தார். ஒல்லியால் இல்லை சாமி. என் பாவாடையில், தலைமுடியில், நோட்டுப் புத்தகத்தில்கூட, தீக்குச்சியை உரசியதும் வருமே, அந்த நெடி இருந்தது. என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டீச்சரிடம் இடம் மாற்றிக் கேட்டவர்கள் உங்களில் நான்கு பேர். யார் யார் என்று இன்றும் சொல்ல முடியும், சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் இருக்கிறது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், நயமாக இருக்காது.

அம்மா காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள், சிமெண்டுத் தரை முழுக்க உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலில் கிடக்கும். காய்ந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டிலிருந்து பருப்பைத் தோண்டி எடுப்பார்கள். அதுதான் கொப்பரை. வெயில் காலத்தில் களத்து வாசம் நல்ல வாசம், அதில் பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில்தான் சனியன் பிடிக்கும். இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் மூடிக்குள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துவிடும், மில்காரர்கள் தொட மாட்டார்கள். பூசணம் வராமல் இருக்கவும் பருப்பு வெள்ளை வெளேரென்று தெரியவும் கந்தகப் புகை போடுவார்கள்.

களத்தின் மேற்கு ஓரத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. ஈரத் தேங்காயை அதற்குள் தட்டி போட்டுக் குவித்து, நடுவில் இரும்புச் சட்டியில் தேங்காய் ஓட்டைக் கனல வைத்து, மேலே மஞ்சள் கந்தகத்தைக் கொட்டித் தகரக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாயங்காலம் சாத்தினால் மறுநாள் காலையில் திறப்பார்கள். திறந்து அரைமணி நேரம் கழித்து ஓர் ஆள் உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்து, எதிர்ச் சுவரில் இருக்கும் பலகைக் கதவையும் தள்ளிவிட வேண்டும். அப்புறம்தான் காற்று ஓடும். அந்த முதல் ஆள் வேலை ஒருத்திக்கும் பிடிக்காது. முறை வைத்துக்கொண்டு போவார்கள். போனவள் கண்ணும் மூக்கும் ஒழுக ஓடி வந்து குழாயடியில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எரியாத கந்தகத்துக்கு ஏறக்குறைய வாசமே கிடையாது. கட்டியை எடுத்து மூக்கில் வைத்துப் பாருங்கள், சுண்ணாம்புக் கட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் அதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். என் தம்பிக்கும் பூசினோம், ஆறியது. அதனால் கந்தகம் என்றால் மருந்து என்று களத்தில் ஒரு நம்பிக்கை. மருந்தின் புகையும் மருந்துதானே என்று பேசுவார்கள். எரிந்தபின் அது பழைய கந்தகம் இல்லை, காற்றோடு சேர்ந்து வேறொரு வாயு ஆகிவிடுகிறது. மூக்கில் இருக்கும் ஈரத்தில் பட்டதும் அந்த வாயு அமிலமாக மாறிக் கடிக்கிறது. தீக்குச்சி உரசும்போது மூக்கு சுள்ளென்று பின்வாங்குகிறதே, அது வாசனையை அனுபவிப்பது இல்லை, அடி வாங்குவது. படிக்காத மூக்குக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அந்த ஊரில் அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது.

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார், வரும்போது ஒரு பை நிறைய வேஸ்ட் துணி கொண்டுவருவார். எது பருத்தி, எது கலப்பு என்று பார்க்க ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். கம்பெனியில் எல்லோரும் செய்வதுதான். எங்களுக்கு அது விளையாட்டு ஆகிவிட்டது. கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, எரிவது என்ன என்று மூக்கால் சொல்ல வேண்டும்.

"இது என்ன கண்ணு?"

"பஞ்சு நூலுங்கப்பா. காயிதம் எரியறாப்பல இருக்குது."

"இது?"

"பாலியெஸ்டருங்க. பிளாஸ்டிக் வாளி உருகறாப்பல, கொஞ்சம் இனிப்பா."

யாரோ கொடுத்த பழைய ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்தினார். முடி கருகிய நாற்றம் வந்தது. கோழி இறகைக் கொளுத்தினாலும் அதே நாற்றம், வெட்டிய நகத்தைத் தணலில் போட்டாலும் அதே நாற்றம். "எல்லாம் உசுரு மேல மொளச்சதுதான, அதான் ஒரே நாத்தம்" என்றார் அப்பா. முடியிலும் இறகிலும் நகத்திலும் கொம்பிலும் கந்தகம் கலந்திருக்கிறது, அதனால்தான் நாற்றத்தில் எல்லாம் அண்ணன் தம்பி என்று பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவின் விளக்கமும் ரொம்பத் தப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிடித்து உட்கார வைத்தோம். ஐப்பசி பிறந்திருந்தது, நான் அப்போது ஒன்பதாவது. அப்பா அம்மாவின் கண்ணைக் கட்டிவிட்டு, அவள் சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்து அவள் மூக்குக்கு நேராகவே கொளுத்தினார். எனக்கும் தம்பிக்கும் குமட்டியது. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "பஞ்சு நூலுங்களா?" என்றாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அடுத்து இறகு. அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, எதாச்சும் பத்த வெச்சீங்களா இல்லையா?"

விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பி நிஜமாகவே தரையில் உருண்டான். அம்மாவும் துண்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கு நெம்ப நாளாவே இப்படித்தான். தலையில பூ வெச்சாக்கூட வாசம் தெரியறதில்ல" என்றாள். "நல்லதாப் போச்சு போ. சாக்கடை நாத்தமும் தெரியாது" என்று அப்பா சொன்னார். அப்புறம் துணியை மூட்டை கட்டிவிட்டுப் படுத்துத் தூங்கினார். ஒரு மனுசிக்கு வாசம் ஏன் போகும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நினைத்தால் அந்தச் சிரிப்பை எடுத்துத் தெருவில் வீச வேண்டும் போல இருக்கிறது.

அதைவிடக் கேவலமான காரியம் மறுநாள் நான் செய்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே களத்துக்குப் போவது என் வழக்கம். அன்றைக்குப் பெண்கள், நாளைக் காலையில் புகை அறைக்கு யார் முறை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் வம்புக்கு அலைகிற வாய் எனக்கு. "எங்கம்மாவுக்கு வாசமே தெரியாதுங்க. முடியைக் கருக்கி மூக்குல வெச்சாலும் தெரியாதுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தராசடியில் நின்ற மேஸ்திரி சிரிக்கவில்லை, திரும்பிப் பார்த்தார். அவர்தான் களத்தில் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவர்.

"நெசமாவா அம்மணி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு.

"அப்பறம் என்ன. நெடி அடிக்காதவ நீ இருக்கறப்ப இவளுக எதுக்கு வீணா இருமிக்கிட்டு. நாளையிலருந்து நீயே தெறந்துரு."

அன்று முதல் அது அம்மாவின் வேலை. தெரியாத நெடி ஒன்றும் செய்யாது என்று அத்தனை பேரும் ஒரே மனதாக முடிவு கட்டினார்கள். மற்ற பெண்களுக்கு அப்பாடா என்று இருந்தது, அம்மாவுக்குத் தங்கள் சோற்றிலிருந்து ஊறுகாய் எடுத்து வைத்தார்கள். அம்மாவுக்குப் பெருமை. அவ்வளவு பெரிய களத்தில் அவளால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று இருந்தது. கண் எரியும், துடைத்துக்கொள்வாள். தொண்டை கமறும், தண்ணீர் குடிப்பாள். வாசம் போனது அந்தப் புகையால்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில், காசு முடிந்து வைக்கிற அவள் முந்தானை முடிச்சில் இன்ஹேலர்தான் இருந்தது. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

காலையில் அவள் கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னால் பூத்த பன்னீர் ரோஜா ஒன்றை நான் பறித்துத் தலையில் வைத்துவிடுவேன். மாலையில் பார்த்தால் இதழ் ஓரமெல்லாம் வெளுத்திருக்கும். வெயிலுக்கு வாடியிருக்கிறது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் ஏது வெயில் என்று நினைக்கவில்லை. வீட்டில் அம்மாவுக்கு மூக்கு நான்தான். "பாலு திரிஞ்சுபோச்சா பாரு கண்ணு" என்பாள். "சோறு அடிப்புடிக்குதா?" என்பாள். நான் என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வாள், திருப்பிக் கேட்க மாட்டாள்.

இனி நம் அறிவியல் சாரிடம் வருகிறேன். உங்களில் பலருக்கு அவர் தெய்வம். எனக்கு இல்லை. அந்த ஐப்பசியில் அவர் கந்தகம் பாடம் நடத்தினார். கந்தகம் என்றால் அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் எழுதி வைத்திருந்ததை, "அது ஹைட்ரஜனோட சேந்த வாயு, இது எரிஞ்சு ஆக்சிஜனோட சேந்த வாயு, ரெண்டையும் குழப்பாதீங்க" என்று திருத்தினார். நல்லாத்தான் நடத்தினார். அப்புறம் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் எரிகிற கந்தகத்தைக் கரண்டியில் விட்டு, நீலச் சுடரைக் காட்டி, சிவப்பு ரோஜா ஒன்றைத் தண்ணீரில் நனைத்து உள்ளே போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் ரோஜா வெளுத்தது. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை.

"காஞ்ச பூவைப் போட்டா வெளுக்காது. ஈரம் இருந்தாத்தான் இந்த வாயு வேலை செய்யும்" என்றார் சார்.

நான் எழுந்தேன். "சார், மூக்குக்குள்ளயும் ஈரந்தானுங்களே சார்?"

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்தது, அவர் முகத்தில் நான் பார்த்தேன். "பரிட்சைக்கு வராததைக் கேக்காதே, உக்காரு" என்றார்.

மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்றேன். அம்மா தினமும் அந்த அறைக்குள் முதல் ஆளாகப் போகிறாள், களத்து முதலாளியிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சார் குடியிருந்தது முதலாளியின் வீட்டில், மாடியில். அதனால்தான் அவரைக் கேட்டேன். அதனால்தான் அவர் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று அவர் சொன்ன பதில் இதுதான்:

"உங்கம்மாவுக்கு வாசமே தெரியாதுன்னு மேஸ்திரி சொல்லிச் சிரிச்சாரே. அப்பறம் அவங்களுக்கு என்ன கஷ்டம்?"

பி.எஸ்ஸி. படித்தவர். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு ரோஜாவை எல்லோர் முன்னாலும் வெளுக்க வைத்தவர். அந்த ரோஜாவுக்கு வாசம் தெரிந்தா வெளுத்தது? இதைக் கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன், இன்று துப்பிவிட்டேன்.

சார் சொல்லாவிட்டால் என்ன என்று நானே முதலாளியிடம் போனேன். ஆபீசில் ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார், விரட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். நம் பக்கத்து மனுசர் கோபப்படுவாரா?

"வா கண்ணு, உக்காரு. பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். அம்மா புகை அறைக்குள் போக வேண்டாம், பூ வெளுக்கிறது, மூக்குக்குள் ஈரம் இருக்கிறது என்று ஏதோ கோர்வை இல்லாமல் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "உன்ற தம்பிக்குச் செரங்கு வந்தப்ப எதைப் பூசுனீங்க கண்ணு?"

"கந்தகமுங்க."

"ஆறிப்போச்சா?"

"ஆறிருச்சுங்க."

"அப்பறம்? பூசறதுக்கு நல்லது, புகைக்குக் கெட்டதாயிருமா? உங்கம்மா கஷ்டமின்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கறாளா?"

"இல்லீங்க."

"நான் ஆரையும் கட்டாயப்படுத்தறதில்ல கண்ணு. நல்லாப் படி." தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துக் கையில் வைத்தார். யார் வீட்டு விசேஷமோ. குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. இந்த மரியாதை இருக்கிறதே, அதில்தான் நாங்கள் செத்தோம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கண்ணு என்று சொல்லுகிறவரை என்ன செய்வது? லட்டை வாசலிலேயே நின்று தின்றேன். ருசியாக இருந்தது. அதற்கும் எனக்கு என் மேல் கோபம்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று நாள் விடாமல் மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அம்மா வெறும் வயிற்றோடு கிளம்பிப் போயிருந்ததால் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு நான் களத்துக்குப் போனேன். கேட்டை நெருங்கும்போதே தொண்டையை ஏதோ பிடித்தது. மழைக் காற்றிலும் அவ்வளவு தூரத்துக்கு நெடி வந்தது. வழக்கமான அளவு இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி ஒரு சட்டிக்கு இரண்டு சட்டி வைத்திருந்தார். தேங்காய் அவ்வளவு ஈரம், தீபாவளி நோன்பிக்கு முன்னால் லோடு போயாக வேண்டும், லாரி வந்து நின்றுகொண்டிருந்தது.

மற்ற நாளில் தகரக் கதவைத் திறந்துவிட்டு அரைமணி நேரமாவது காத்திருப்பார்கள். அன்று அதற்கும் நேரமில்லை. மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டுத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி வந்து நின்றார். அம்மா முந்தானையைக் குழாயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "போகாதம்மா. இன்னைக்கு நெம்ப எச்சா இருக்குது. கேட்டு வாசல்லயே தொண்டையை அடைக்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். பால் திரிந்துவிட்டது என்று சொன்னால் கீழே ஊற்றிவிடுகிறவள். நான் சொன்னதை நம்பினாள், அந்தப் பார்வையில் தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"லாரிக்காரன் உசுர வாங்கறான். உன்ற புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு நின்னா ஆச்சா அம்மணி?" என்றார் மேஸ்திரி. "உனக்குத்தான் தெரியாதே, போயிட்டு வந்துரு."

"சித்த அக்கட்டால நில்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

முதல் சட்டியோடு உடனே வெளியே வந்தாள். வைத்துவிட்டு மறுபடியும் போனாள். இரண்டாவது சட்டி உள்ளே தள்ளி, பலகைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று நாள் மழையில் பலகை ஊறிச் சட்டத்தோடு இறுகியிருந்தது யாருக்கும் தெரியாது. உள்ளிருந்து பலகையை இடிக்கிற சத்தம் கேட்டது. தோளால் இடிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உட்டுப்போட்டு வெளிய வா" என்று மேஸ்திரி நின்ற இடத்திலிருந்து கத்தினார். பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நான் உள்ளே ஓடினேன். இரண்டே எட்டு. மூன்றாவது எட்டு வைக்க என்னால் முடியவில்லை. மூக்கும் கண்ணும் தொண்டையும் ஒரே நேரத்தில் எரிந்து, நான் வேண்டாம் என்று நினைத்தும் கால் என்னைத் திருப்பி வெளியே கொண்டுவந்து போட்டது. அம்மா உள்ளே இருக்கிறாள், நான் வெளியே நின்று இருமுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறுபடியும் சத்தம் கேட்டது, பலகை பிளந்தது, வெளிச்சம் வந்தது. அம்மா இரண்டாவது சட்டியோடு நடந்து வந்து, அதைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தாள்.

மத்தியானம் வரைக்கும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கொப்பரை தோண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. பேச்சு வரவில்லை, உதடு நிறம் மாறியது. மேஸ்திரி வேன் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் இளவயதுப் பெண். "என்ன புகை?" என்று கேட்டார்.

"அடுப்புப் புகைங்க டாக்டர். மழைக்கு வெறகு ஈரமுங்க" என்றார் மேஸ்திரி. வேனிலேயே யோசித்து வைத்திருப்பார் போல.

"பொய்யிங்க டாக்டர். கந்தகப் புகைங்க. களத்துல போடறதுங்க" என்றேன்.

"சின்னப் புள்ளைங்க, பயந்துபோயி ஒளறுது" என்றார் அவர்.

டாக்டர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அம்மாவிடம் குனிந்தார். மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் மூடியைக் கொஞ்சம் தூக்கி, "நீங்க சொல்லுங்கம்மா. என்ன நெடி அடிச்சது?" என்று கேட்டார்.

அம்மா மேஸ்திரியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"எனக்கு வாசமே தெரியாதுங்க டாக்டர்."

சொன்னது பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் சீட்டில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, ஆங்கிலத்தில் இருந்தது. மேஸ்திரி டீ குடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இந்தக் களத்த உட்டா எந்தக் களத்துல கண்ணு புகை போடாம இருக்கறாங்க?" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. படுக்கையில் கிடக்கிறவளோடு போய்க் கோபித்துக்கொண்டேன்.

நோன்பிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். தீபாவளிக் காலையில் தெரு முழுக்க நீங்கள் வெடித்த வெடியின் புகை எங்கள் ஓட்டு இடுக்கில் இறங்கியது. அப்பா சாக்கை நனைத்து இடுக்கில் அடைத்தார், தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக இழுத்தாள். உங்கள் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிற வாசனை அதுதான்.

அடுத்த சனிக்கிழமை மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் கால் கிலோ மிக்சரும் கொண்டுவந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்புறம் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு யோசனை அம்மணி. உன்ற பொண்ணு மூக்கு நல்ல மூக்கு. அன்னைக்குக் கேட்டு வாசல்லயே நெடியக் கண்டுபுடிச்சுப்போட்டா, நாந்தான் கேக்கல. தப்புத்தான். இனிமே வெடியக்காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால இவ சித்த நேரம் வந்து, கதவத் தெறந்ததும் வாசல்ல நிக்கட்டும். நெடி எறங்கிருச்சா, ஆளு உள்ள போலாமான்னு சொல்லட்டும். மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டாரு."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பெருமையாக இருந்தது. அத்தனை பெரியவர்கள் தோற்ற இடத்தில் என் மூக்கைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மா கேட்காததை ஊர் கேட்கிறது. நான் தலையை ஆட்டிவிட்டேன். எந்த மாதிரிப் பெருமையில் அம்மா அந்த அறைக்குள் முதல் நாள் போனாளோ, அதே பெருமைதான். அம்மா நான் தலையாட்டியதைப் பார்த்தாள்.

"அவ வரமாட்டாளுங்க" என்றாள்.

"உள்ள போகச் சொல்லல அம்மணி. வாசல்ல நின்னாப் போதும்."

"வாசல்ல நின்னாலும் மூக்குக்குள்ளதானுங்களே போகுது."

யாரும் சொல்லவில்லை, அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

"அப்ப எப்படி அம்மணி? மத்தவளுக ஒருத்தியும் உள்ள போகமாட்டேங்கறாளுக. நீயும் படுத்துட்டே."

"திங்கக்கெழம நானே வாரேனுங்க" என்றாள் அம்மா. "எனக்குத்தான் வாசம் தெரியாதே."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேஸ்திரி எழுந்து, வாரேன் கண்ணு என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. அம்மா புகை அறைக்குப் போனாள், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.